பிளம்பரின் ஞானஸ்நானம் செல்லுமா?

1

இந்தக் கதை எனக்கு என் சமையலறை சிங்க்குக்கு அடியில் கிடைத்தது. இதைவிடக் கௌரவமான இடத்தில் கிடைத்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பொய்யோடு ஆரம்பித்தால் அதைக் கடைசிவரை கட்டிக் காப்பாற்ற வேண்டும். எனக்கு அவ்வளவு தெம்பில்லை.

சிங்க்குக்கு அடியில் ஒரு பிளம்பர் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்கள் என்னிடம் பேசின.

"அக்கா, என்னை ஒரு தடவை கடவுள் கூப்பிட்டாரு, தெரியுமா?"

நான் பதறிப்போய், "அய்யய்யோ, எந்த ஆஸ்பத்திரியில?" என்றேன்.

"ஆஸ்பத்திரி இல்லக்கா. மெத்தைக் கடைக்கு மேல."

இப்படி ஒருவர் சொன்ன பிறகு எழுதுகிறவள் என்ன செய்ய முடியும்? அடுப்பை அணைத்துவிட்டு தரையில் உட்கார்ந்தேன்.

2

மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன். மூன்றையும் அழிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன். நான் சும்மா இருக்கவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டாமா?

முதல் ஆரம்பம்: "மனித ஆன்மா ஒரு பழைய குழாய். அதன் வழியே காலந்தோறும்"

(இதைப் பிளம்பருக்குப் படித்துக் காட்டினேன். "எத்தனை இன்ச் குழாய்க்கா?" என்று கேட்டார். அதோடு நிறுத்திவிட்டேன்.)

இரண்டாம் ஆரம்பம்: "அன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே பேய்மழை. வானமே பிளந்துகொண்டு"

(மழை பெய்யவில்லை. நல்ல வெயில். பிளந்துகொண்டது வானமும் இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருந்த இணைப்பு.)

மூன்றாம் ஆரம்பம்: "மதமாற்றம் குறித்துப் பேசப் புகும்போது நாம் முதலில் கவனத்தில் கொள்ள வேண்டியது, மாறுபவரின் அகத்தில் நிகழ்கின்ற"

(எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

எங்கள் பக்கத்தில் அந்தப் பிளம்பருக்கு "இதோ வந்துட்டேன்" என்று பெயர். போனை எடுக்காத பிளம்பர்கள் உண்டு. இவர் அந்த ரகம் இல்லை. முதல் மணியிலேயே எடுப்பார். "இதோ வந்துட்டேன்" என்பார். அவ்வளவுதான், அன்றைக்கு வரமாட்டார்.

அதில் ஒரு கலை இருந்தது. பேசிக்கொண்டே சாவிக்கொத்தைப் போனுக்குப் பக்கத்தில் குலுக்குவார். கேட்பவருக்கு மனம் குளிரும். இன்னும் சந்தேகப்படுகிற ஆளாக இருந்தால் வாசலுக்குப் போய் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கேட்கவைத்து, அணைத்துவிட்டு, மறுபடி வந்து படுத்துக்கொள்வார்.

"இப்படிப் பொய் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"பொய்யே இல்லக்கா. சொல்றப்ப வர்றதாத்தான் இருப்பேன். போனை வெச்சதும்தான் அந்த எண்ணம் கரைஞ்சு போயிடும்."

அவருடைய மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறார். யார் எப்போது வரவேண்டும் என்று சொல்லி, வராதவர்களை போனில் பிடித்து, வரவழைத்து உட்காரவைப்பது அவர் வேலை. பல்லைப் பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் ஊரே அந்த அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் வரமாட்டார்.

4

மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஹால். அதில் ஒரு சிறிய சபை. மேடையில் திரைக்குப் பின்னால், முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காக இடுப்பளவு ஆழத்தில் ஒரு தொட்டி. அந்தத் தொட்டி ஒழுகியது. ஒழுகியது நேரே கீழே, கடையிலேயே விலை உயர்ந்த மெத்தையின் மேல்.

சபையின் பாஸ்டர் ஒல்லியான, சாந்தமான மனிதர். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது.*

* இந்த இடத்தில் என் மேல் உங்களுக்குச் சந்தேகம் வரும். கதைக்குத் தோதாகக் கண்ணாடியை மாட்டிவிட்டாள் என்று. சத்தியமாக இல்லை. அவர் உண்மையிலேயே கண்ணாடிக்காரர். உண்மையில் இருப்பதை எழுதினால்தான் யாரும் நம்புவதில்லை.

பாஸ்டர் அந்த வாரம் முழுக்கப் பிளம்பருக்குப் போன் செய்தார். "இதோ வந்துட்டேன் பாஸ்டர்." சாவி குலுங்கியது. மறுநாளும் குலுங்கியது. பாஸ்டர் ஒவ்வொரு முறையும் போய் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். கீழே மெத்தைக் கடைக்காரர் வாளியை வைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஞாயிறு காலையில், டீக்கடை வாசலில் கிளாஸோடு நின்றிருந்த பிளம்பரை மெத்தைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். சட்டையைக் கொத்தாகப் பிடித்தார், இழுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கப் படி வழியாக மேலே ஏற்றி, தொட்டிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, "முடிக்காம கீழ வந்தே, மெத்தைக்குள்ள வெச்சுத் தைச்சிருவேன்" என்று சொல்லிப் போனார்.

கவனியுங்கள்: கடவுள் கூப்பிட்ட இடத்துக்கு இவர் தன் காலால் போகவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

5

இனி நடந்ததை நான் கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. இவர் அதை ரேடியோ என்று நினைத்துவிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளை பனியனோடு தொட்டிக்குள் இறங்கினார். அன்றைக்கு ஞானஸ்நானம் இருந்ததால் தண்ணீர் நிரம்பியிருந்தது. குனிந்து அடியில் கைவிட்டுத் துழாவினார். இணைப்பு தளர்ந்திருந்தது. சுற்றுவதற்காக எடுத்த டேப் சுருளைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

அன்றைக்கு ஞானஸ்நானம் பெற வேண்டியவர் பேக்கரி நடத்துகிற ஒரு அம்மாள். கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். அவருக்குக் கொடுத்த வெள்ளை அங்கி தோளில் சிக்கிக்கொண்டு ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்றது. உடை மாற்றும் அறையில் அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபக்கப் படி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கினார். எதிரே வெள்ளையாக ஒரு உருவம் குனிந்து நின்றது. பயபக்தியில் தலைகுனிந்திருக்கிறார்கள் என்று அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. திரை விலகியது.

"பயப்படாதீங்க சிஸ்டர்" என்றார் பாஸ்டர். பிறகு கேட்டார்: "நீங்க விசுவாசிக்கிறீங்களா?"

டேப்பைக் கவ்விய வாயால், "ம்" என்றார் பிளம்பர்.

"செஞ்சதுக்கெல்லாம் மனசு வருத்தப்படுறீங்களா?"

"ம்."

"பழசை விட்டுட்டுப் புதுசுக்கு வரச் சம்மதமா?"

"ம்ம்!"

(இந்தக் கடைசி "ம்ம்" கொஞ்சம் உற்சாகமாக இருந்ததாகச் சபையில் எல்லாருமே சொல்கிறார்கள். பிளம்பரிடம் கேட்டேன். "பழசு, புதுசுன்னு கேட்டாருக்கா. பைப்பை மாத்திரலாமான்னு கேக்குறார்னு நினைச்சேன்" என்றார்.)

பாஸ்டர் ஒரு கையால் பிடரியைப் பிடித்து, மறு கையால் முதுகைத் தாங்கி, பிளம்பரை அப்படியே பின்பக்கமாகத் தண்ணீருக்குள் சாய்த்தார். எதிர்பார்த்ததைவிட ஆள் லேசாக இருந்தது. அதையே முதல் அதிசயமாக எடுத்துக்கொண்டதாகப் பாஸ்டர் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, பாதி ஏறிய அங்கியோடு பேக்கரி அம்மாள் ஓடிவந்து மேடையில் நின்று கத்தினார்: "பாஸ்டர்! அது நான் இல்ல!"

பின்வரிசையில் ஒருவர் அதை மனம் மாறியதற்கான சாட்சி என்று நினைத்துக் கைதட்டினார். "ஆமென்! பழைய ஆள் இல்ல!" சபையே எழுந்து கைதட்டியது. தொட்டி ததும்பி வழிந்தது. கீழேயிருந்து "என் மெத்தை!" என்று ஒரு அலறல் கேட்டது.

6

இப்போது தண்ணீருக்கு அடியில் என்ன நடந்தது என்பதற்கு வந்திருக்கிறேன். எழுதுவதற்குக் கஷ்டமான இடம்.

என் முதல் வரைவில் ஒரு வெளிச்சம் இருந்தது. அடித்துவிட்டேன். இரண்டாவதில் பிளம்பரின் வாழ்க்கை முழுக்கக் கண்முன் ஓடியது. அதையும் அடித்துவிட்டேன், அவர் மூழ்கியிருந்த நேரத்துக்குள் அவ்வளவு ஓடாது. மூன்றாவதில் எதுவுமே நடக்கவில்லை, எல்லாம் அவர் கற்பனை என்று எழுதினேன். அப்படி எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தண்ணீருக்குள் இருந்தது நானா?

ஆகையால் அவர் சொன்னதையே வைக்கிறேன்.

"பனியனுக்குள்ள செருகியிருந்த போன் செத்துப்போச்சுக்கா. காலைலேர்ந்து நைநைன்னு அடிச்சிட்டே இருந்துச்சு. பொசுக்குனு நின்னுடுச்சு. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்ல. யாருமே என்னைக் கூப்பிடல. அப்பத்தான் ஒருத்தர் கூப்பிட்டாரு."

"என்னன்னு?"

"'வர்றியா?'ன்னு."

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"கவனிக்கல."

"'வர்றீங்களா'ன்னு மரியாதையாக் கேக்கலையா?"

"அக்கா, அவர் என்னைவிட மூத்தவர்."

மரியாதை பற்றி அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"நான் பழக்கதோஷத்துல 'இதோ வந்துட்டேன்'னு சொல்லிட்டேன். டேப்பு வாயிலேர்ந்து போயிடுச்சு. தண்ணிக்குள்ள பூரா குமிழி. அங்கதான்க்கா மாட்டிக்கிட்டேன்."

"ஏன்?"

சிங்க்குக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"நம்பிட்டாருக்கா. நான் வந்துட்டேன்னு சொன்னா இந்த ஊர்ல ஒரு குருவி நம்பாது. என் பொண்டாட்டி நம்ப மாட்டா. சொல்ற எனக்கே நம்பிக்கை கிடையாது. அவர் நம்பிட்டாரு. 'சரி'ன்னுட்டாரு. அப்புறம் எப்படி நான் போய்ப் படுத்துக்குறது?"

7

திரைக்குப் பின்னால் இருவரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க பிரதர். பெரிய தப்பு பண்ணிட்டேன். நீங்க கவலைப்படாதீங்க, இது செல்லாது."

பிளம்பருக்குச் சுருக்கென்றது. "ஏன் செல்லாது? மூணு தடவை 'ம்' சொன்னேனே?"

"வாயில டேப்பு இருந்துச்சே."

"டேப்பு இல்லைன்னா நான் பொய்தான் பாஸ்டர் சொல்லியிருப்பேன்."

தண்ணீருக்குள் கேட்டதைச் சொன்னார். பாஸ்டர் மாட்டிய கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நிஜமாவே கேட்டுச்சா? காதுலயா?"

"ஆமா. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்குக் கேட்டதே இல்ல பிரதர்" என்றார் பாஸ்டர். "கேக்காமலேதான் வந்தேன். கூப்பிட்டிருப்பார்னு ஒரு நினைப்பு."

(இந்தப் பாஸ்டர் மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. ரொம்ப நல்லவராக இருந்தார். கதையில் ரொம்ப நல்லவர்கள் வந்தால் வாசகர்கள் தூங்கிவிடுவார்கள். ஏதாவது ஒரு குறையை வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் இதைச் சொன்ன பிறகு எனக்கு அவரிடம் கைவைக்க மனம் வரவில்லை. அன்று எல்லாரும் போன பிறகு, பிளம்பர் இணைப்பை இறுக்கித் தொட்டியை நிரப்பிப் பார்த்தாராம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பாஸ்டர் சும்மா சரிபார்ப்பதுபோலக் குனிந்து, ஒரு காதை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தாராம்.)

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவசரம் இல்லை. பிளம்பர் யோசிக்கட்டும், வீட்டில் சொல்லட்டும், சபைக்கு வந்து கேட்கட்டும். அதற்குப் பிறகும் மனம் இருந்தால், அடுத்த மாதம் முறைப்படி மறுபடி. இந்த முறை பாஸ்டர் கண்ணாடியைக் கழற்ற மாட்டார்.

8

பிளம்பர் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போக ஆரம்பித்தார். ஊர் கலங்கிவிட்டது.

ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. பிளம்பர் சொன்ன நேரத்துக்கு வந்தால் அது திருடன்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் "அன்னிக்குக் கூப்பிட்டீங்களே" என்று போய் நின்றார். அவர்கள் காத்திருந்து வெறுத்துப்போய் அந்தக் குளியலறையையே எடுத்துவிட்டு அலமாரி கட்டியிருந்தார்கள். அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். "சாயங்காலம் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே வந்து நின்ற கணவரைப் பார்த்து மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த டாக்டரைப் பார்த்தீங்க? எவ்வளவு நாள்னு சொன்னார்? எங்கிட்ட மறைக்காதீங்க."

பிளம்பர் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். மெத்தைக் கடை, டேப், குமிழி, "வர்றியா?" எல்லாம்.

"என்னைக் கேக்காம ஒரு சட்டை எடுக்க மாட்டீங்க. மதம் மாறிட்டு வந்து நிக்கிறீங்களா?"

"தண்ணிக்குள்ள எப்படிம்மா உன்னைக் கேக்குறது?"

இதற்கு அவர் சிரித்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கூப்பிடுறேன். பிரசவ வார்டுலேர்ந்து கூப்பிட்டேன். 'இதோ வந்துட்டேன்'னீங்க. உங்க சாவிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பெத்தேன். நீங்க வர்றப்ப புள்ளை தூங்கிட்டிருந்துச்சு. அவர் ஒரு தடவை கூப்பிட்டாரு. ஒரே தடவை. உடனே போயிட்டீங்க."



இந்தப் பகுதியை எழுதிய மறுநாள் அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தார். "மேடம், என்னை வில்லியாக்கிட்டீங்களாமே?" என்றார். இல்லை என்றேன். "எனக்கு மதம் பிரச்சினை இல்ல. அதுக்காகச் சண்டை போட்டேன்னு எழுதிடாதீங்க. எனக்குப் பொறாமை. அதை அப்படியே எழுதுங்க" என்றார்.

அப்படியே எழுதிவிட்டேன்.

9

அந்த ஞாயிறும் வந்தது. மனைவி வரமுடியாது என்றார். அன்றைக்கு மருத்துவமனையில் தனக்கு வேலை இருக்கிறது என்றார். பிளம்பர் தனியாகப் போனார்.

பாஸ்டர் கண்ணாடியை ஒரு கயிற்றால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். பிளம்பர் வெள்ளை அங்கியோடு முதல் படியில் கால் வைத்தார். வாயில் எதுவும் இல்லை என்பதைத் திறந்து காட்டினார். சபை பாடிக்கொண்டிருந்தது. போன் மட்டும் நனையாமல் பேக்கரி அம்மாள் கையில் இருந்தது. அது அடித்தது.

"உங்க வீட்டம்மா" என்று அவர் போனைப் பிளம்பரின் காதில் வைத்தார்.

"கிளினிக்ல பைப் வெடிச்சிருச்சு. உடனே வாங்க."

பிளம்பர் பாஸ்டரைப் பார்த்தார். (இந்த இடத்திலாவது பாஸ்டரைக் கொஞ்சம் கோபப்பட வைக்கலாம் என்று பார்த்தேன். "இது சோதனை பிரதர், திரும்பிப் பார்க்காதீங்க" என்று ஒரு வசனம்கூட எழுதி வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்ல மறுத்துவிட்டார்.)

"போங்க பிரதர்" என்றார். "நான் இங்கயே நிக்கிறேன்."

பிளம்பர் கருவிப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வெள்ளை அங்கி, வெறுங்கால். சிக்னலில் நின்ற ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருத்துவமனை வாசலில் அவர் மூச்சிரைக்க வந்து நின்றதும், காத்திருந்தவர்களில் ஒருவர் "டாக்டர் வந்துட்டார்" என்று எழுந்தார். இன்னொருவர் அந்த அங்கியையும் தோள் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரம்பத்தையும் பார்த்துவிட்டு, பல்வலி போய்விட்டது என்று வெளியேறினார்.

"எங்க ஒழுகுது?"

தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. மனைவி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"எங்கயும் ஒழுகல."

"வெடிச்சிருச்சுன்னியே?"

"வெடிக்கல."

இங்கே அவர் கோபப்பட்டதாக எழுதியிருந்தேன். "கோபமெல்லாம் வரலக்கா, மூச்சுதான் வாங்குச்சு" என்று திருத்தினார்.

மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்.

"நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கல. வந்தா என்ன சொல்றதுன்னு யோசிச்சே வைக்கல."

ஓடியதில் கல் குத்திப் பிளம்பரின் கால் பெருவிரலில் ரத்தம் வந்திருந்தது. மனைவி மேசையைச் சுற்றி வந்து, கீழே உட்கார்ந்து, பல் பிடுங்கினால் வைக்கிற பஞ்சை எடுத்து அழுத்திப் பிடித்தார். அழுதுகொண்டே, வாய்ப் பழக்கத்தில், "அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க" என்றார். பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டு, சிரித்தார். அங்கே உட்கார்ந்திருந்த, கன்னம் வீங்கிய ஒருவரும் வலியோடு சிரித்தார்.

"அங்க எல்லாரும் காத்துட்டு இருக்காங்களா?"

"பாஸ்டர் தண்ணிக்குள்ள நிக்கிறாரு."

"இன்னுமா?"

"நான் திரும்பி வருவேன்னு நினைக்கிறாரு."

மனைவி ரத்தம் ஊறிய பஞ்சை மாற்றி வைத்தார். பிறகு, "இவங்களை உள்ள அனுப்பிட்டு நானும் வர்றேன். பார்க்கத்தான்" என்றார்.

பிளம்பர் கன்னம் வீங்கியவருக்குப் பக்கத்து நாற்காலியில், வெள்ளை அங்கியோடு உட்கார்ந்து காத்திருந்தார்.

10

முடிவு.

(அ) இருவரும் மாடி ஏறிப் போனார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீருக்குள் இறங்கியபோது, அவள் தன்னை அறியாமல் எழுந்து

(ஆ) அவள் வாசலோடு நின்றுவிட்டாள். "நீங்க போங்க. நான் இங்க நிக்கிறேன். முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு

(இ) அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாஸ்டர் தண்ணீருக்குள் கண்மூடி நின்றிருந்தார். அவர் முகம் என்னவோபோல் இருந்தது. ஏதோ கேட்டவர்போல

எதையும் முடிக்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த அம்மாளிடமே கேட்டேன். சொன்னார். சொல்லிவிட்டு, "இதை மட்டும் எழுதாதீங்க மேடம்" என்றார். "நான் தொட்டிக்குள்ள இறங்கினேன்னு எழுதினா ஒரு கூட்டம் ஜெயிச்ச மாதிரி சந்தோஷப்படும். வெளிய நின்னேன்னு எழுதினா இன்னொரு கூட்டம் சந்தோஷப்படும். நான் போனது எங்க வீட்டுக்காரர்கூட. யாரையும் ஜெயிக்கவைக்க இல்ல."

அதனால் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுகிறேன். ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா, முதலாவது செல்லுமா, இரண்டாவது செல்லுமா என்பதை எல்லாம் நீங்கள் பாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் தெரியாது. ஆனால் நன்றாகப் பேசுவார்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். பாஸ்டர் இன்னும் தண்ணீரில் நிற்கிறார். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. சபை தெரிந்த பாட்டை எல்லாம் பாடி முடித்துவிட்டுத் தெரியாததைப் பாடிக்கொண்டிருக்கிறது. யாரோ படியேறி வரும் சத்தம் கேட்கிறது. நீங்கள் போய்க் கதவைத் திறங்கள். போகும்போது கையோடு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பாஸ்டருக்கு ஒன்று, பிளம்பருக்கு ஒன்று. மூன்றாவது ஒன்று வேண்டுமா என்பதை நான் சொல்லமாட்டேன்.